பரப்பளவு: ஒரு ஆள்

இராமதாஸின் இடது காறையெலும்புக்கு மேலே, கழுத்தும் தோளும் சேரும் குழியிலிருந்து முதல் பருத்தி இலை வெளியே வந்தது ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரத்தில். வலி இல்லை, ரத்தம் இல்லை. சட்டைப் பொத்தானைப் போடப் போனவர் விரலில் ஏதோ தட்டுப்பட, பல்லி என்று நினைத்துத் தட்டிவிடப் பார்த்தார், அது போகவில்லை. அவர் மனைவி கொளஞ்சி மூன்றாவது குடத்தைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தாள். கட்டைவிரல் நகம் அளவுக்குப் பசேலென்று ஓர் இலை, இன்னும் முழுக்க விரியாமல் மடிந்திருந்தது. முதலியார்பேட்டையில் அந்தத் தெருவில் அன்றைக்கு நடந்த வேறு சங்கதிகள் இரண்டு: பதினொரு மணிக்குப் போன கரண்ட் ஒன்றரைக்குத்தான் வந்தது, மூலை வீட்டுக்காரர் புது ஸ்கூட்டர் எடுத்தார். இந்த மூன்றில் ஸ்கூட்டரைப் பற்றித்தான் தெரு அதிகம் பேசியது.

இலை எப்படி வந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. இராமதாஸ் இருபத்தாறு வருஷம் மில்லில் புளோரூமில் நின்றவர். புளோரூம் என்பது பஞ்சுப் பொதிகளைப் பிரித்து இயந்திரத்தில் போட்டு உதறுகிற இடம். ஒரு ஷிஃப்ட் அங்கே நின்றால் இருபது வயதுப் பையனுக்கும் புருவம் நரைத்துவிடும். உள்ளே போன தூசியோடு ஒரு விதையும் போயிருக்கும், இப்போதுதான் அதற்கு நேரம் வந்திருக்கிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மில்காரர்களுக்கு நெஞ்சு சீக்கு புதிதில்லை. அதற்குத் திங்கட்கிழமை நெஞ்சு என்றே பெயர். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை காலை தூசிக்குள் நுழைந்ததும் மார்மேல் அம்மிக்கல்லை வைத்ததுபோல் அடைக்கும். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் தேவலை, புதன்கிழமை மறந்தே போகும். வருஷம் ஆக ஆக செவ்வாயும் திங்களாகும், பிறகு புதனும். மில்லை மூடியபோது தூசி போய்விட்டது, இராமதாஸுக்குத் திங்கட்கிழமை மட்டும் போகவில்லை. ஏ.டி.எம். வாசலில் காவலுக்குப் போய்ப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே மூச்சு போதவில்லை. படுத்தால் அடைக்கும் என்பதால் சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினார். அப்படிப் பதினோரு வருஷம். பக்கத்தில் பாயில் படுக்கும் கொளஞ்சிக்குக் கண் விழித்தால் புருஷனின் முழங்கால்தான் தெரியும்.

இலை வந்த அன்று மதியம் இராமதாஸ் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, யாரையும் கேட்காமல் பாயை விரித்து மல்லாந்து படுத்தார். கொளஞ்சி பதறிப்போய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு போய்வந்தது, விசில் சத்தம் இல்லாமல். கொரோனா சமயத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் கருவியை எடுத்து மாட்டினாள். எந்நாளும் எண்பத்தாறுக்கு மேல் போகாத எண் தொண்ணூற்றாறு காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்று தன் விரலில் மாட்டிப் பார்த்தாள், அவளுக்கும் தொண்ணூற்றாறு. அவர் பக்கத்தில் அவளும் படுத்தாள். பதினோரு வருஷம் கழித்துப் புருஷனின் முகம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. மூக்கு ஓரத்தில் இருந்த மச்சத்தை மறந்தே போயிருந்தாள். அழுகை வந்தது, அழுதாள்.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டர் ஜானகிராமன் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். நுரையீரலில் காற்றுக்குழாய் பிரிகிற இடத்திலெல்லாம் வேரும் பிரிந்து போயிருந்தது. இரண்டுக்கும் ஒரே வரைபடம். "வெட்டி எடுன்னுதான் படிச்சிருக்கோம். ஆனா படிச்சதுல இவரு இல்லம்மா. மூச்சு நல்லா ஓடுது. விட்டுடுங்க," என்றார். ஒரு மாதம் கழித்து வரச் சொல்லிச் சீட்டில் எழுதினார். நல்ல மனுஷன், தெரியாததைத் தெரியாது என்று சொன்னார்.

செடி நிதானமாக வளர்ந்தது. புரட்டாசி முடிவதற்குள் ஒரு முழ உயரம், முப்பத்தோர் இலை. கொளஞ்சி அவருடைய சட்டைகளில் எல்லாம் இடது காலரை வெட்டி மடித்துத் தைத்தாள். இராமதாஸ் கடற்கரை வரைக்கும் நடந்தார். வெளியூர்க்காரர்கள் அது ஏதோ கோயில் வேண்டுதல் என்று நினைத்துப் போட்டோ எடுத்தார்கள். பூட்டிய மில்லின் சொத்தைக் கவனிக்கும் ஆள் ஒருவர் வந்து, செடியை இப்படியும் அப்படியும் பார்த்து, இது மில் பஞ்சில் வந்த விதையா, வெளியில் வாங்கியதா என்று விசாரித்துவிட்டுப் போனார். தெருவுக்கு எல்லாவற்றையும்விட ஆச்சரியம் வேறு ஒன்றில் இருந்தது. இராமதாஸ் வாய் செத்த மனுஷர் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மூச்சு வந்தபிறகுதான் தெரிந்தது, அவர் பேச்சுக்காரர். இத்தனை நாள் பேசக் காற்று இல்லை, அவ்வளவுதான். பதினோரு வருஷத்துப் பேச்சையும் வரிசையாகப் பேசினார். முன்னொரு காலத்தில் மச்சினன் கல்யாணத்தில் தனக்கு இரண்டாவது பந்தியில் இலை போட்டதைப் பற்றி மட்டும் மூன்று நாள் பேசினார். கொளஞ்சி காது வலிக்கிறது என்று சலித்துக்கொண்டே பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டாள்.

செடியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொளஞ்சி எடுத்துக்கொண்டாள். பருத்தி விஷயத்தில் தனக்குத் தெரியாதது இல்லை என்று அவளுக்கு நம்பிக்கை, நியாயமான நம்பிக்கைதான். அதே மில்லில் வைண்டிங்கில் இருபத்திரண்டு வருஷம், நூலைக் கட்டையில் சுற்றுகிற வேலை. அங்கே சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு: பஞ்சு காயக்கூடாது. காற்று காய்ந்தால் நூல் அறும், நூல் அறுந்தால் மேஸ்திரி கத்துவார். அதனால் கூரையிலிருந்து பனி மாதிரி தண்ணீர் தூவிக்கொண்டே இருப்பார்கள், ஈரம் வெளியே போகாமல் ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்பார்கள். கொளஞ்சியும் அதைத்தான் செய்தாள். சலூன்காரர் சாமிக்கண்ணுவிடம் தலைக்குத் தண்ணீர் அடிக்கும் பாட்டில் ஒன்றை வாங்கிவந்து காலை, மதியம், மாலை மூன்று வேளையும் இலைகள் சொட்டச் சொட்ட அடித்தாள். ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் கோணியை நனைத்துத் தொங்கவிட்டாள். அவள் ஒயிட் டவுனில் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்யப் போய்விடும் நேரத்தில் வசந்தாவும் மாலாவும் முறை வைத்து வந்து அடித்தார்கள். அவர்களும் வைண்டிங்கில் கூட வேலை பார்த்தவர்கள். ஈரத்தில் அந்த அறை பழைய மில் மாதிரியே மணந்தது. மூன்று பேருக்கும் அதில் ஒரு பெருமை. அந்த வீட்டில் பஞ்சைப் பொதியாகப் பார்த்தவர் உண்டு, நூலாகப் பார்த்தவர் உண்டு. வயலில் நிற்கும் பருத்தியைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

ஐப்பசியில் பூத்தது. காலையில் வெண்ணெய் நிறத்தில் விரிகிற பூ, மறுநாள் இளஞ்சிவப்பாகிக் கூம்பிவிடும். ஏழு காய் பிடித்தது. கார்த்திகையில் புயல் வந்து, தெருவில் முழங்கால் தண்ணீர் நின்று, நான்கு நாள் வெயில் எட்டிப் பார்க்கவில்லை. அந்த நாட்களிலும் கொளஞ்சி மூன்று வேளை தவறவில்லை. தண்ணீர் வடிந்த அன்று, அடி இலை ஒன்றில் மிளகு அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி இருந்தது. யாரோ பீடி நெருப்பைப் பட வைத்துவிட்டார்கள் என்று வந்துபோனவர்களை எல்லாம் கொளஞ்சி திட்டினாள். மறுவாரம் அந்த இலையில் ஒன்பது புள்ளி, மேல் இலையில் நான்கு. ஒவ்வொன்றைச் சுற்றியும் ஊதா நிறத்தில் ஒரு விளிம்பு. உள்ளே தண்ணீரில் கல் போட்டதுபோல் வட்டத்துக்குள் வட்டம். நடு காய்ந்து, வெடித்து, உதிர்ந்து, இலையில் ஓட்டை விழுந்தது. பிறகு இலையே விழுந்தது. அன்றைக்கு இராமதாஸ் மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கணக்கு சீக்கிரத்தில் பிடிபட்டுவிட்டது. மூன்று இலை விழுந்தால் விரல் கருவியில் ஓர் எண் குறைந்தது. தெருவில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஊர்க்கண் என்று ஒருத்தி சொல்ல, பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். மஞ்சள்தூளைக் கரைத்துத் தடவினார்கள். கொளஞ்சிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: இலை காய்கிறது, ஆகவே ஈரம் போதவில்லை. மூன்று வேளையை ஆறு வேளை ஆக்கினாள். புள்ளிகள் இருமடங்காயின.

டாக்டர் ஜானகிராமன் இலையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். நெஞ்சைச் சோதித்தார், அது சரியாக இருந்தது. வீட்டில் வைத்துக்கொள்ள ஆக்சிஜன் உருளைக்கு எழுதிக் கொடுத்தார். "மனுஷனுக்கு வந்திருந்தா நான் பாப்பேம்மா. இது இலைக்கு வந்திருக்கு," என்று சொல்லி, தவளக்குப்பத்துக்குப் போகும் வழியில் பயிர்நோய் பார்க்கும் கூடம் ஒன்று இருப்பதாக ஒரு கடிதம் கொடுத்தார். கொளஞ்சி விழுந்த இலை இரண்டை மஞ்சள் பைக்குள் செய்தித்தாளில் மடித்து வைத்துக்கொண்டு கடலூர் பஸ்ஸில் ஏறினாள். பை நசுங்கிவிடக்கூடாது என்று இடம் இருந்தும் நின்றுகொண்டே போனாள்.

அந்தக் கூடத்தில் அறிவுமதி என்ற பெண் அலுவலர் இருந்தாள். முப்பத்திரண்டு வயது, படிப்பில் பருத்தி நோய்க்கு என்றே இரண்டு வருஷம் செலவழித்தவள். வேலைக்கு வந்த இடத்திலோ அவளிடம் வந்ததெல்லாம் நெல்லும் கத்திரியும்தான். பருத்தி இலையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததைக் கொளஞ்சி கவனித்தாள். நல்ல சகுனம் என்று எண்ணிக்கொண்டாள். அலுவலகத்தில் படிவம் இல்லாமல் எதுவும் நடக்காது. அறிவுமதி கேட்கக் கேட்கக் கொளஞ்சி சொன்னாள்.

"விதச்சது எப்பம்மா?"

"எம்பத்தேழுல மில்லுல சேந்தாரு. அதுக்கப்புறம் எப்பன்னு தெரியாது, மேடம்."

அறிவுமதி பேனாவைக் கீழே வைத்தாள். டாக்டரின் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு பேனாவை எடுத்து, விதைத்த ஆண்டு என்ற இடத்தில் 1987-க்குப் பின் என்று எழுதினாள். நில அளவை எண் என்ற இடத்தில் வீட்டுக் கதவு எண்ணைப் போட்டாள். பரப்பளவு என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, ஒரு ஆள் என்று எழுதினாள். பாசனம் என்ற இடத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அந்தப் படிவத்திலேயே முக்கியமான இடம் அதுதான் என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

லென்ஸை வைத்துப் பார்த்தபடியே அறிவுமதி சொல்லிக்கொண்டு வந்தாள். நரம்புக்கு நரம்பு கட்டம் கட்டினதுபோல் மூலைமூலையாக இருந்தால் அது பாக்டீரியா. இது வட்டமாக இருப்பதால் பூஞ்சாணம். பூஞ்சாணத்திலும் நடுவில் வெளுத்து இருப்பது ஒரு சாதி, கருப்புக் கடுகு தூவினதுபோல் இருப்பது ஒரு சாதி. வட்டத்துக்குள் வட்டம் இருப்பதால் இது எந்தச் சாதி என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது, ஆனால் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன், பூஞ்சாணத்தின் வித்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றாள். இலையை வெட்டி ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து மூடி, மூன்று நாள் கழித்து வரச் சொன்னாள். கொளஞ்சிக்கு அந்த மூன்று நாளும் போவேனா என்றிருந்தது. நோய்க்குப் பெயர் தெரிந்துவிட்டால் பாதி குணம் ஆனமாதிரி என்று வசந்தா சொன்னாள், மாலாவும் ஆமாம் என்றாள். அந்த மூன்று நாளில் நான்கு இலை விழுந்தன. மிச்சம் பத்தொன்பது.

நான்காம் நாள் அறிவுமதி அவளை நுண்ணோக்கியில் குனிந்து பார்க்கச் சொன்னாள். முதலில் தன் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. பிறகு தெரிந்தது: பழுப்பு நிறத்தில், தலை பருத்து, உடம்பில் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, பின்னால் நீளமாக ஒரு வால். நூல்முனை தொங்குகிற கட்டை மாதிரி என்று கொளஞ்சி சொன்னாள். இருபத்திரண்டு வருஷம் சுற்றியவள் அவள், அது அப்படித்தான் இருந்தது. நூற்றுக்கணக்கில் கிடந்தன. "ஆல்டர்நேரியா இலைப்புள்ளி," என்றாள் அறிவுமதி, சரியாகக் கண்டுபிடித்த சந்தோஷம் மறையாத குரலில். கொளஞ்சி அதை மூன்று முறை சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டாள்.

"இத்தன எப்பிடி மேடம் வந்திச்சி? நான் கொண்டாந்தப்ப இலையில வெறும் புள்ளிதான இருந்திச்சி?"

"நாங்க வளக்கறோம்மா. தட்டுல ஈரத் தாள் போட்டு, மேல தண்ணி தெளிச்சி, காத்து போவாம மூடி வெச்சிருவோம். ஈரத்துல வெச்சா மூணே நாள்ல குபுகுபுன்னு வந்துரும்."

சொல்லிவிட்டு அவள் படிவத்தை எடுத்து, விட்டுப்போன இடத்துக்கு வந்தாள். "பாசனம். தண்ணி எப்பிடி விடுறீங்க? வேருக்கா, மேலயா?"

கொளஞ்சி மேசைமேல் இருந்த கண்ணாடித் தட்டைப் பார்த்தாள். அடியில் நனைந்த தாள், மேலே முத்து முத்தாக நீர், மூடி. தன் வீட்டுக் கோணி, தன் வீட்டு ஜன்னல், சாமிக்கண்ணுவின் பாட்டில். புள்ளியை ஒழிக்க வந்த இடத்தில், புள்ளியை வளர்க்க அவர்கள் செய்வதையும் தான் மூன்று மாதமாக வீட்டில் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுதான். மேலதான், மேடம், என்றாள். ஒரு நாளைக்கு ஆறு வேளை.

அறிவுமதிக்கு மருந்து தெரியும். மருந்தின் பெயரைச் சொல்லி, அடிக்கும் முறையைச் சொல்லி, அடித்தபிறகு இத்தனை நாள் வயலுக்குள் ஆள் நுழையக்கூடாது என்று சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்தினாள். ஆளே வயல். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிட்டால் மற்றதுக்குப் பரவாது என்றாள். கொளஞ்சி மிச்சம் இருந்த பத்தொன்பதையும் மனசுக்குள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புள்ளி இல்லாத இலை ஒன்றுகூட இல்லை. பிறகு அறிவுமதி, வெயில் காட்டுங்கள், காற்று காட்டுங்கள், இலையில் தண்ணீர் படவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னாள். இலை உதிர்ந்த செடியில் காய்கள் நாள் ஆவதற்கு முன்னாலேயே வெடித்துவிடும் என்பதையும், அது பாடத்தில் அடுத்த வரியாக இருந்த காரணத்தால், சொல்லிவிட்டாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று பஸ் போனபிறகு நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த கொளஞ்சி செருப்பைக்கூடக் கழற்றாமல் கோணியைப் பிடுங்கி எறிந்தாள். மூன்று ஜன்னலையும் கதவையும் விரியத் திறந்தாள். கடல் காற்று உள்ளே வந்து காலண்டரைத் தூக்கி அடித்தது. நின்றவாக்கில் எல்லாவற்றையும் சொன்னாள். "நாந்தாங்க கெடுத்தேன். தெளிச்சித் தெளிச்சி நாந்தான் கெடுத்தேன்." இராமதாஸ் கேட்டுக்கொண்டார். உடனே மன்னித்துவிட்டார் என்று எழுதினால் பொய். இரண்டு நாள் அவர் அவளோடு பேசவில்லை. சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். பதினோரு வருஷம் கழித்து வந்த காற்று அது, கோபம் வராமல் என்ன செய்யும். மூன்றாம் நாள் மூச்சுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "ஜன்னல சாத்தறப்ப நானும் உள்ளதான இருந்தேன். எனக்கும் மில்லு புத்திதான். நூலு அறக்கூடாதுன்னுதான்... தோணுச்சி."

காற்று தாமதமாக வந்தது. வசந்தாவும் மாலாவும் இப்போது பாட்டிலுக்குப் பதில் விசிறியோடு வந்தார்கள். காலை வெயிலில் அவரை வாசலில் கிடத்தினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவுமதி தன் செலவில் பஸ் ஏறி வந்து, செடியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று இராமதாஸிடம் அனுமதி கேட்டுத் தொட்டாள். பன்னிரண்டு இலை. ஒவ்வோர் இலையையும் லென்ஸில் பார்த்தாள். கொளஞ்சி கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டாள். "எனக்கு இதோட பேரு மட்டுந்தாம்மா தெரியும்," என்றாள். அவளுக்குக் கண் கலங்கியது. கண்டுபிடித்த அன்று சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. கொளஞ்சிக்கு அவள்மேல் கோபம் இல்லை. கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

எண்பத்தாறில் எண் நின்றுவிடும், பழையபடி உட்கார்ந்து தூங்கிக்கொண்டு இருந்துவிடலாம் என்று கொளஞ்சி நம்பியிருந்தாள். நிற்கவில்லை. வேர் பிடித்த இடமெல்லாம் வேருடையதாகிவிட்டிருந்தது. இலை போனதும் வேர் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எண்பது, எழுபத்தேழு. டாக்டர் கொடுத்த உருளை மனுஷனுக்குக் காற்று கொடுத்தது, அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்த செடிக்குக் கொடுக்கவில்லை. சாய்த்து உட்கார வைத்தால் கொஞ்சம் சுலபமாக இருக்கும் என்று டாக்டர் போனில் சொன்னார். கொளஞ்சி தலையணையைச் சுவரில் வைத்தாள். பேச்சுக்காரரிடம் இப்போது ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தைக்குத்தான் காற்று இருந்தது. அதில் நான்கை அன்றைக்குச் செலவு செய்தார்: "உக்கார வெக்காத. நீயும் படு." அவள் தலையணையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் படுத்தாள். மூச்சா, முகமா என்று வந்தபோது அவர் முகத்தை எடுத்துக்கொண்டார். அதைத் தடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

பொங்கல் முடிந்து வந்த திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டரை மணிக்குக் கடைசி இலை விழுந்தது. கொளஞ்சியின் கைமேல்தான் விழுந்தது, கனமே இல்லை. இராமதாஸ் அவளைப் பார்த்தபடியே இருந்தார், பிறகு பார்க்கவில்லை. அவள் எழுந்து உட்காரும்போது பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. முதல் காய் வெடித்திருந்தது. வசந்தாவும் மாலாவும் ஓடிவருவதற்குள் ஏழும் வெடித்து, அவர் தோள்மேல் வெள்ளை வெளேரென்று விரிந்து நின்றன. புளோரூமில் இருபத்தாறு வருஷம் நின்றவர்கூட இவ்வளவு சுத்தமான பஞ்சைப் பார்த்திருக்க மாட்டார் என்று வசந்தா சொன்னாள்.

மூக்கில் வைக்கப் பஞ்சு வேண்டும், மெடிக்கல் ஷாப்புக்கு யாராவது போங்கள் என்று பெரியவர் ஒருவர் சொன்னார். எதற்கு என்று கேட்டாள் கொளஞ்சி. தோளில் இருந்து ஒரு காயின் பஞ்சைக் கிள்ளி எடுத்து, விதைகளை நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்து முந்தானையில் போட்டுக்கொண்டாள். பஞ்சை இரண்டாகப் பிய்த்துச் சுருட்டி, அது யாருடைய தோளில் விளைந்ததோ அவருடைய மூக்கிலேயே வைத்தாள். அளவாக இருந்தது. குளிப்பாட்டத் தவலையில் தண்ணீர் வந்தது. வேண்டாம் என்றாள். முறை என்று ஒன்று இருக்கிறதே என்று பெரியவர்கள் ஆரம்பித்தார்கள். "இவருக்கு மேல இனி ஒரு சொட்டு தண்ணி படக்கூடாது," என்றாள் கொளஞ்சி. வசந்தாவும் மாலாவும் தவலையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் கவிழ்த்தார்கள். காய்ந்த துண்டால் துடைத்து, செடியோடு அவரைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அன்று மழை வரும்போல் இருந்தது, வரவில்லை.

மற்ற ஆறு காய்களின் பஞ்சையும் கிள்ளி எடுத்துத்தான் அவரை அனுப்பியிருந்தாள். அந்த விதைகளையும் சேர்த்து முடிந்து, காரியம் ஆனபிறகு தவளக்குப்பம் பஸ்ஸில் கொண்டுபோய் அறிவுமதியிடம் கொடுத்தாள். அவற்றை வைத்து என்ன செய்வது என்று இருவருக்குமே தெரியவில்லை. அறிவுமதி அதில் ஒன்பதை மட்டும் எடுத்து ஒன்பது தொட்டிகளில் ஊன்றி, கூடத்தின் பின்பக்கம் காற்று நன்றாக அடிக்கும் வெட்டவெளியில் வைத்தாள். ஒன்பதும் முளைத்தன. பார்க்கச் சாதாரணப் பருத்திச் செடிகள். மண்ணில் நின்றன, புள்ளி இல்லை, பூச்சி இல்லை. ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் ஆறு மணிக்கு ஒன்பதும் ஒன்றாகத் தலை தொங்கி வாடின. செவ்வாய்க்கிழமை கொஞ்சம் நிமிர்ந்தன. புதன்கிழமை ஒன்றும் நடக்காததுபோல் நின்றன. அறிவுமதி மண்ணைச் சோதித்தாள், வேரைச் சோதித்தாள், இலையைத் தட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தாள். ஒரு வித்துகூட இல்லை. கடைசியில் பதிவேட்டில் திங்கட்கிழமைகளில் வாடுகிறது என்று எழுதி, நோயின் பெயர் என்ற இடத்தில் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

போனில் விஷயத்தைச் சொன்னபோது கொளஞ்சி ஆச்சரியப்படவில்லை. விடுதியில் தன் வார விடுமுறையை வியாழனிலிருந்து திங்களுக்கு மாற்றிக் கேட்டு வாங்கினாள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். வாடிக் கிடக்கும் ஒன்பது தொட்டிக்கும் நடுவில் ஒரு கோணியைக் காயவைத்து விரித்து உட்கார்ந்திருப்பாள்; மதியத்துக்கு மேல் அங்கேயே கொஞ்சம் படுப்பாள். அலுவலகத்தில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சாயங்காலம் கிளம்புவதற்கு முன் தண்ணீர் ஊற்றுவாள். ஒரு கையால் இலைகளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, சொம்பின் வாயைத் தொட்டி மண்ணை ஒட்டிச் சாய்த்து, வேருக்கு மட்டும் ஊற்றுவாள்.